ஆறாம் விதியும் ஊர்மொழியும்

நாடுகள் பல ஒருங்கு கூடிச் செய்துகொள்ளும் உடன்படிக்கைகளில், செலவு மிகுந்த விதிகளைப் பற்றியே வாதமும் வழக்கும் பெருகுதல் இயல்பு. புகையைக் குறைப்பவர் யார், பொருள் கொடுப்பவர் யார், கொடுக்கும் தொகை எவ்வளவு என்னும் வினாக்களை முன்னிட்டுத் தூதர்கள் இரவு பகலாகப் போராடுகின்றனர். எவரும் மறுத்துரையாத விதியொன்று இருக்குமாயின், அதனை நிறைவேற்றவும் எவரும் பெரிதாக முற்படவில்லை என்று ஐயுறுதற்கு இடமுண்டு. 1992ஆம் ஆண்டில் உருவாகி 1994ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்ற உடன்படிக்கையில் ஆறாம் விதி இத்தகையது. கல்வி, பயிற்சி, பொதுமக்களின் விழிப்பு என்பன அதன் பொருள். நாட்டு மக்கள் செய்திகளைத் தடையின்றிப் பெறுதல் வேண்டும் என்றும், காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் வழிகளை வகுப்பதில் அவர்களும் பங்கு கொள்ளுதல் வேண்டும் என்றும் அவ்விதி கூறுகின்றது. கல்விக்குரிய நூல்களையும் கருவிகளையும் நாடுகள் தம்முள் பரிமாறிக்கொள்ளுதல் வேண்டும் என்பதும் அதன்கண் உண்டு. ஆயின், இவையெல்லாம் ‘தத்தம் ஆற்றலுக்கு ஏற்றவாறு’ செய்யற்பாலன என்னும் ஒரு தொடரும் அதில் அமைந்துள்ளது. அத்தொடரின் நிழலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல அரசுகள் இளைப்பாறி வந்திருக்கின்றன.

விதியை உயிர்ப்பிக்க முயற்சிகள் நிகழாமலில்லை. 2002இல் புதுதில்லியிலும், 2012இல் தோகாவிலும், 2021இல் கிளாஸ்கோவிலும் கூடிய மாநாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்திட்டங்களை வகுத்தன. 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை தன் பன்னிரண்டாம் விதியில் இதே கருத்தை ஒரே வாக்கியத்தில் மீண்டும் மொழிந்தது. கிளாஸ்கோத் திட்டத்தின் காலம் பத்து ஆண்டு. அதற்கு அடுத்த ஆண்டில் எகிப்து நாட்டுச் சார்ம்-எல்-சேக்கில் நான்காண்டுச் செயன்முறை ஒன்று சேர்க்கப்பட்டது. திட்டங்களின் பெயர்களை நினைவிற்கொள்ளுதலே ஒரு கல்வியாகிவிட்டது போலும்!

இத்திட்டங்கள் அனைத்தும் வீண் என்று யாம் கூறவில்லை. யாம் காணும் குறை வேறு. ஆறாம் விதியின் உறுப்புக்களுள், அரசு பேசவும் மக்கள் கேட்கவும் அமைந்தவை ஓரளவு நடைபெறுகின்றன. மக்கள் பேசவும் அரசு கேட்கவும் அமைந்தவை பின்தங்கிக் கிடக்கின்றன. சுவரொட்டியும் ஊர்வலமும் உறுதிமொழியும் முன்னவற்றைச் சேர்ந்தவை. செய்தி பெறும் உரிமையும் கருத்துரைக்கும் உரிமையும் பின்னவற்றைச் சேர்ந்தவை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள ஆற்றைக் கடத்தற்குரிய ஓடம் மக்களின் தாய்மொழியே என்பது எமது துணிபு. அவ்வோடத்தைக் கட்டித் தருதலை நாடுகளின் கூட்டுறவு இன்னும் தன் முதற்கடமையாகக் கொள்ளவில்லை.

முதலிற் பள்ளிகளை நோக்குவோம். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் நூறு நாடுகளின் பாடத்திட்டங்களை ஆராய்ந்தது. அவற்றுள் காலநிலை மாற்றத்தைக் குறிப்பிட்டவை 53 விழுக்காடே. குறிப்பிட்டவற்றிலும் பெரும்பாலன பெயரளவில் தொட்டுச் சென்றனவே. அவ்வாண்டிலேயே பல நாட்டு ஆசிரியர்களிடம் அந்நிறுவனம் வினவியபோது, தம் வட்டாரத்தில் அம்மாற்றம் விளைக்கும் பயனை நன்கு விளக்க இயலும் என்றவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. இக்கடைசிச் செய்தியே எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. துருவப் பனி உருகுவதை விளக்கவல்ல ஆசிரியர், தம் ஊர் ஏரி வற்றுவதை விளக்கத் தயங்குகின்றார் என்பதன்றோ இதன் பொருள்? அவர்மீது பழியில்லை. அவர் கையில் உள்ள நூல்கள் பிறநாட்டுப் படங்களோடு வந்தவை. நாகப்பட்டினத்துச் சிறுவன் வெண்கரடியின் துயரத்தை எழுதி மதிப்பெண் பெறுகின்றான். தன் தந்தையின் வயற்கிணறு உப்புக் கரிப்பதேன் என்னும் வினா அவன் புத்தகத்தில் இடம்பெறவில்லை.

நம் நாட்டில் உச்சநீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே, எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழற் கல்வியைப் பள்ளி கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்குமாறு பணித்தது. பின்னர் இளங்கலை மாணவர்க்கு அரையாண்டுப் பாடமொன்று வகுக்கப்பட்டது. தேர்வுக்கு முதல்நாள் இரவில் அப்பாடம் எவ்வாறு படிக்கப்படுகின்றது என்பதை இவ்விதழைப் படிக்கும் மாணவர்க்கு யாம் எடுத்துரைத்தல் மிகை.

வானிலையைப் பொறுத்தவரை நாடுகளின் கூட்டுறவு புதியதன்று என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தின் பெயர் இன்றும் நம் முதியோர் வாயில் வழங்குகின்றது. மழை பொய்த்தது அப்பஞ்சத்திற்கு ஒரு பாதிக் காரணம். மக்கள் பட்டினி கிடக்கத் தானியம் கப்பலேறியது மறுபாதி. அம்மழை பொய்த்ததற்கும், பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்திற்கு மீறி வெம்மையுற்றதற்கும் தொடர்புண்டு என்று இன்றைய அறிவியலார் கூறுகின்றனர். அத்தொடர்பிற்கு வழிகாட்டியவர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் என்னும் கணித அறிஞர். அவர் உலகின் பல மூலைகளிலிருந்தும் காற்றழுத்தக் குறிப்புக்களை வருவித்து ஒப்புநோக்கினார். பசிபிக் கடற்பக்கம் அழுத்தம் ஏறுங்கால் இந்தியப் பெருங்கடற்பக்கம் இறங்குவதும், இது ஏறுங்கால் அது இறங்குவதும் துலாக்கோல் போல் நிகழ்வதைக் கண்டார். ஒரு நாட்டின் ஏடுகளைக் கொண்டுமட்டும் இதனைக் கண்டிருத்தல் இயலாது. ஆயினும், இவ்வறிவு அலுவலகத்திலிருந்து அலுவலகத்திற்குச் சென்றதேயன்றி, உழவன் தன் மொழியில் அதனைக் கேட்டு விதைப்பைத் தள்ளிப்போடும் அளவிற்கு இறங்கி வர நெடுங்காலம் பிடித்தது. இன்னும் முற்ற இறங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

அறிவு அடிவரை இறங்கினால் விளைவது யாது என்பதற்கு வங்காளதேசம் ஒரு சான்று. 1970ஆம் ஆண்டு நவம்பர் மாதப் புயலில் அந்நிலத்தில் மூன்று இலட்சத்திற்குக் குறையாத மக்கள் மாண்டனர். அதன்பின் 1972இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் பன்னாட்டுக் கழகம் முன்னின்று புயல் ஆயத்தத் திட்டமொன்றைத் தொடங்க, புதிதாய்ப் பிறந்த அந்நாட்டு அரசும் அதில் இணைந்தது. பணமும் வானொலிக் கருவியும் வெளிநாட்டினின்றும் வந்தன. தொண்டர்களோ ஒவ்வோர் ஊரிலும் அவ்வூராரே. அவர்கள் கொடியேற்றியும் ஒலிபெருக்கிக் குழலில் கூவியும் தம் அண்டை வீட்டாருக்குத் தம் பேச்சுமொழியிலேயே புயலின் வரவை அறிவித்தனர். எனினும் 1991இல் மீண்டும் ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தனர். இறந்தோருள் ஆடவரினும் பெண்டிரே மிகுதி. திட்டம் பின்னர்த் திருத்தப்பட்டு, பெண் தொண்டர்கள் பெருவாரியாகச் சேர்க்கப்பட்டனர். புகலிடங்களும் பெருகின. 2007இல் வீசிய கடும்புயலில் இறந்தவர் ஏறக்குறைய 3,400 பேர். இப்போது 76,000க்கு மேற்பட்ட தொண்டர்களுள் பாதிப்பேர் பெண்கள். வெளிநாட்டு உதவியும் உள்ளூர் நாவும் ஒன்றுபட்டமையாலேயே இது கைகூடியது என்பது எமது கருத்து.

இதனோடு நம் வழக்கத்தை ஒப்பிட்டால் நாணமுண்டாகின்றது. ‘துறைமுகத்தில் மூன்றாம் எண் புயற்கூண்டு ஏற்றப்பட்டது’ என்று நம் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. அவ்வெண்கள் கப்பலோட்டிகளுக்காக ஏற்பட்டவை. மூன்றுக்கும் ஏழுக்கும் உள்ள வேற்றுமையைக் கூறுமாறு கற்றறிந்த ஒருவரைக் கேட்டாலும், எண் ஏற ஏற அச்சமும் ஏறும் என்பதற்கு மேல் அவர் விடை கூறுவது அரிது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையை உடைய நாடு இது!

இனி, மக்கள் பேசும் உரிமையைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். ஐரோப்பிய நாடுகள் 1998இல் டென்மார்க்கு நாட்டு ஆர்ஹூஸ் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தன. சுற்றுச்சூழலைப் பற்றிய செய்திகளைப் பெறவும், முடிவுகளில் பங்குகொள்ளவும், முறை தவறியவிடத்து நீதிமன்றம் ஏறவும் அது குடிமக்களுக்கு உரிமை அளிக்கின்றது. விதியை மீறிய அரசின்மேல் தனிக்குடிமகனும் அதன் ஆய்வுக்குழுவிற்கு முறையிடலாம். இலத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கென 2018இல் ஏற்பட்டு 2021இல் நடைமுறைக்கு வந்த எஸ்காசூ உடன்படிக்கை இன்னும் ஒருபடி மேற்சென்றது. ஒரு திட்டத்தால் நேரே தாக்குறும் மக்கள் ஆட்சிமொழியல்லாத பிறமொழி பேசுவோராயின், அவர்கள் விளங்கிக்கொண்டு பங்குபெறுதற்கு வேண்டிய வழிகளை அரசே செய்து கொடுத்தல் கடமை என்று அது விதித்தது. மொழியை அருளென்று கருதாமல் உரிமையின் உறுப்பாக வைத்தமையால், இவ்விதியை யாம் பெரிதும் போற்றுகின்றோம். இந்தியா இவ்விரு உடன்படிக்கைகளிலும் சேர்ந்த நாடன்று.

சேராமையின் விளைவை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தொழிற்றிட்டங்களின் சுற்றுச்சூழற் பாதிப்பை மதிப்பிடும் முறையை மாற்றும் வரைவொன்றை நடுவண் அரசு வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருந்தது. கொள்ளைநோயால் நாடே கதவடைத்துக் கிடந்த காலம் அது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கருத்துரைக்கும் காலமும் ஆகஸ்டு 11 வரை நீண்டது. பல இலட்சம் கருத்துரைகள் வந்து குவிந்தன. வரைவின் நன்மை தீமையை யாம் இங்கு ஆராயப் புகவில்லை. மக்களைக் கேட்பதாகக் கூறும் ஓர் ஏட்டை மக்கள் படிக்கும் மொழியில் எழுதுதற்கே நீதிமன்றத்தின் ஆணை வேண்டியிருந்தது என்பதொன்றே எமது வருத்தம்.

‘காலநிலை அறிவியல் கடினமானது, பாமர மக்கள் அதிற் கருத்துரைத்தல் குருடர் யானை கண்ட கதையாகும், வல்லுநர் முடிவு செய்ய மக்கள் பின்பற்றுவதே முறை’ என்று கூறுவாரும் உளர். நம் ஆசிரிய நண்பருள்ளும் சிலர் இக்கருத்தினர் என்பதை அறிவோம். இவர்கட்குப் பிரான்சு நாட்டைச் சுட்டுவோம். அங்கு 2019, 2020ஆம் ஆண்டுகளில் குலுக்கல் முறையில் தெரிந்தெடுக்கப்பட்ட 150 குடிமக்கள் பல வார இறுதிகளில் கூடி, வல்லுநரை வினவி, 149 பரிந்துரைகளை எழுதிக்கொடுத்தனர். அவர்கள் பலதிறத்துத் தொழிலினர். இத்துறையில் தேர்ச்சி பெற்றவர் என்று பொறுக்கப்பட்டவரல்லர். அறிவியலார் அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேசினர், அவர்கள் விளங்கிக்கொண்டனர். அப்பரிந்துரைகளுட் பலவற்றை அரசு பின்னர் நலிவித்துவிட்டது என்பதும் உண்மையே. அக்குடிமக்களே மீண்டும் கூடி அரசின் செயலுக்குக் குறைந்த மதிப்பெண் இட்டனர். குறை விளங்காமையில் இல்லை. விளங்கிச் சொன்னதைக் கேளாமையில் இருந்தது. அறியாதவரென்று ஒருவரை விலக்கிவிட்டு, விலக்கப்பட்டமையால் அவர் அறியாதிருப்பதைச் சான்றாகக் காட்டுதல் நேர்மையன்று.

தமிழில் இத்தகைய அறிவியலை உரைக்கச் சொற்கள் இல்லை என்பது மற்றொரு தடை. மிஷன் கல்லூரியொன்றின் இதழில் இத்தடைக்கு விடைகூற எமக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் மருத்துவர், மானிப்பாயில் நம்மவர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். கற்றவர் பலர் அரசாங்க வேலையை நாடி ஊரைவிட்டு அகன்றனர். அது கண்டு அவர் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு முதலிய நூல்களைத் துணைவர் பலரோடு தமிழிற் பெயர்த்தும் கலைச்சொற்களை ஆக்கியும் அச்சிட்டார். தமிழிற் படித்த மருத்துவர் தமிழரிடையே தங்கித் தொழில் செய்வர் என்பது அவர் எண்ணம். நாடுகளின் கூட்டுறவு என்பதற்கு இதனினும் நேரிய எடுத்துக்காட்டை யாம் அறியோம். குருதியோட்டத்தை நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே தமிழில் உரைக்க முடிந்ததாயின், கரியமில வாயுவின் வெப்பம் பிடிக்கும் தன்மையை இன்று உரைக்க முடியாதென்பது சோம்பலுக்கு இட்ட மறுபெயர்.

ஆதலின் நம் கல்லூரி செய்யத்தக்க ஒன்றைக் கூறி அமைவோம். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டம் ஒன்று வருமுன் மாவட்டத்தில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடைபெறுதல் வேண்டும். சிலவகைத் திட்டங்களுக்கு விலக்கும் உண்டு. மதிப்பீட்டறிக்கையின் சுருக்கம் மட்டும் மாநில மொழியிற் கிடைக்கும். பல நூறு பக்கமுள்ள முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். மீனவரும் உழவரும் அச்சுருக்கத்தைக் கையில் ஏந்தியே மேடைமுன் நிற்கின்றனர். நம் மாவட்டத்தில் அடுத்த கேட்பு அறிவிக்கப்படும்போது, அறிவியற்றுறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒரு குழுவாகி, அவ்வறிக்கையில் நீர், காற்று, கடற்கரை, மழைவெள்ளம் ஆகியவற்றைப் பற்றிய அதிகாரங்களைத் தெளிந்த தமிழிற் பெயர்த்து, திட்டத்திற்கு ஆதரவும் எதிர்ப்பும் கலவாமல், அவ்வூராரிடம் சேர்ப்பித்தல் கூடும். பிறநாட்டுக் கல்லூரிகளோடு நமக்குள்ள பழைய நட்பைக்கொண்டு, இத்தகைய திட்டங்கள் அங்கே எவ்வாறு முடிந்தன என்பதைக் கேட்டெழுதி அதனோடு சேர்க்கலாம். நம் பெயர்ப்பையும் கலைச்சொற்பட்டியலையும் இலங்கையிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ்ப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். வேதியியற்றுறையிலும் தமிழ்த்துறையிலும் இதற்கு இசைந்தவர் உளர் என்பதை யாம் அறிவோம். கேட்புக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னரே அறிவிப்பு வெளியாதல் வேண்டும். அறிக்கையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பெறும். முப்பது நாள் இப்பணிக்குப் போதும்.