மலைப்பாதையும் மறுதேர்வும்

தருமபுரி மாவட்டத்தின் அரூரிலிருந்து சித்தேரிக்கு ஏறும் மலைப்பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்தால், ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. வளைவுக்கு அப்பால் வருவதை ஒலியால் உணர்ந்து, நொடியில் முடிவெடுத்தாக வேண்டும். இத்தகைய பாதையில் எழுபது வயது ஓட்டுநரின் கண்ணும் காதும் பழைய கூர்மையோடு உள்ளனவா என்று கேட்பது முதுமையை இழிவுபடுத்துவதாகாது.

நம் சட்டம் இதனை அறியாததன்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவரின் உரிமம் ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது. உடன் மருத்துவச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கான படிவம் 1ஏ, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள வண்டியின் எண்பலகையை வாசிக்க முடிகிறதா என்று வினவுகிறது. மாலைக்கண் உண்டா என்ற வினாவும் அதில் இருக்கிறது. ஆயின், எதிர்விளக்கின் கூச்சத்திலிருந்து கண் மீள எவ்வளவு நேரமாகிறது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க இயலுகிறதா என்பன வண்டியில் அமர்த்திப் பார்த்தாலன்றித் தெரியா. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உரிமம் காலாவதியாகி ஓராண்டு கடந்தபின் வருபவர், இளைஞரே ஆயினும், மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும். உரிய நாளில் வரும் எண்பது வயதினர் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. திறமையை அளக்க வேண்டிய சட்டம் நாட்காட்டியை அளக்கிறது.

ஜப்பானில் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில், தோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் எண்பத்தேழு வயது முதியவர் ஓட்டிய மகிழுந்து மோதி ஒரு தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்தனர். அந்நாடு எழுபத்தைந்து வயதைக் கடந்தோருக்கு நினைவாற்றல் சோதனை நடத்துகிறது. 2022 மே முதல், அவர்களுள் குறிப்பிட்ட விதிமீறல்களைச் செய்தவர்கள் ஓட்டியும் காட்ட வேண்டும். பிரித்தானியாவிலோ எழுபதுக்குப் பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை, தம் உடல்நிலையைத் தாமே உறுதிகூறினால் போதும். தம் குறையைத் தாமே ஒப்புக்கொள்ளும் ஓட்டுநர் எத்தனை பேர்? ஜப்பானிய முறையே ஏற்புடையது.

எனினும் ஒரு மறுப்பைப் புறந்தள்ள இயலாது. இதே மாவட்டத்தின் தொப்பூர்க் கணவாயில் சரிவும் வேகமும் பாரமும் கூடி விபத்துகள் நேர்கின்றன. அவற்றை முதுமையின் கணக்கில் எழுதுவது முறையன்று. இளமையின் துணிச்சலும் உயிர்களைக் குடிக்கிறது. மேலும், பேருந்து வந்துபோகும் வேளைகள் தவிர, சித்தேரியில் பிரசவ வலி கண்டவரையோ பாம்பு தீண்டியவரையோ இறக்கிக் கொண்டுவர ஊரில் வண்டி வைத்திருப்பவரைத்தான் நாட வேண்டும். அவர் முதியவராயின், அவருடைய உரிமத்தைப் பறிப்பது அவர் ஒருவரை மட்டும் பாதிப்பதன்று.

ஆகவே எழுபது வயதிலிருந்து ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் ஓட்டித் தேர்வு நடத்தலாம். தேர்வைச் சமதளத் திடலில் எட்டுப் போடச் சொல்வதோடு நிறுத்தாமல், அவரவர் ஓட்டும் பாதையிலேயே நடத்த வேண்டும். அலுவலர் மாதம் ஒருமுறை மலையேறி வருவது பெரும் செலவாகாது. தேறாதவர்க்கு உரிமத்தை முற்றிலும் மறுக்காமல், பகலில் மட்டும் ஓட்டலாம் என்றோ சமவெளியில் மட்டும் ஓட்டலாம் என்றோ வரம்பிடச் சட்டம் இடந்தர வேண்டும். அவ்வாறு இரவு வண்டியை நிறுத்தும் ஊருக்கு, அதே ஆணையோடு ஓர் அவசர ஊர்தியும் இரவு தங்கிச் செல்லும் ஒரு பேருந்தும் வந்து சேர வேண்டும்.