முதல் அழுகை

பிறந்த குழந்தை அழுதால்தான் வீடு சிரிக்கும். என் தம்பி அழவில்லை. திருச்சுழிப் பக்கம், கருவேலங்காட்டுச் சாலையில், வாடகை வேனிலேயே பிறந்தான். இன்று அவனுக்குப் பதினான்கு வயது. தானாக உட்கார இயலாது. 'சாமி குற்றம்' என்கிறது ஊர். விலங்கியல் பயிலும் நான் அதை ஏற்கவில்லை. மூளைக்கு உயிர்வளி எட்டாமற் போனதே காரணம்.

மேலை நாடுகளில் இத்தகைய குழந்தைகளின் உடலை 33.5 டிகிரி செல்சியசுக்கு, 72 மணி நேரம் குளிர்விக்கிறார்கள், பயனும் கண்டிருக்கிறார்கள். அந்தப் பொறிகளை வாங்கினால் போதுமே என நானும் எண்ணியதுண்டு. ஆனால் 2021-இல் வெளியான 'ஹீலிக்ஸ்' ஆய்வு வேறு சொல்கிறது. சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும், இலங்கை, வங்கதேசத்திலும் 408 குழந்தைகளிடம் இதைச் சோதித்தனர். குளிர்வித்த குழந்தைகளில் 42 விழுக்காடும், குளிர்விக்காதவர்களில் 31 விழுக்காடும் மாண்டன.

ஆகவே, வருமுன் காப்பதே நம் மண்ணுக்கு ஏற்ற வழி என்பேன். பேறுகால வலியின்போதே குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிக்க வேண்டும். பிறந்ததும் துடைத்து, முதுகைத் தேய்த்து, மூச்சு வராவிடில் முதல் நிமிடத்திலேயே முகமூடிப் பையால் காற்றூத வேண்டும். நிறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் சாதாரணக் காற்றே போதும். ஊதத் தெரிந்த ஒரு செவிலியர் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவே.

நண்பர்களே! உங்கள் தெருவில் நிறைமாதத் தாய் இருந்தால், வலி கண்டவுடன் 108-ஐ அழையுங்கள். 'விடியட்டும்' என்று காத்திருக்க விடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் காத்திருந்தார்கள்.