விரலுக்குத் தக்க வீக்கம்

மலைநாட்டில் வாழும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் எம்மிடம் ஓர் ஆலோசனை கேட்டு வந்தார். அவருடைய தந்தையார் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில், பழையதாக வாங்கிய லாண்ட் றோவர் வண்டி ஒன்று வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. தந்தையார் காலமாகிவிட்டார், வண்டியை விற்கக் குடும்பத்தில் எவருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அதன் டீசல் எஞ்சினோ மேட்டைக் கண்டால் மூச்சு வாங்குகிறது. பதினைந்து கிலோமீற்றர் அதில் அமர்ந்து சென்றவர் மறுநாள் முதுகுக்கு எண்ணெய் தேடுகிறார்.

“புதிய எஞ்சின் ஒன்றைப் பூட்டி, வில்லுகளையும் மாற்றி, வண்டியைச் சற்று உயர்த்துவோம் என்று மகன் சொல்கிறான். பட்டறைக்காரரும் இரண்டு வாரத்தில் முடித்துத் தருவதாகக் கூறுகிறார். எண்பது வயதான என் தாயாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்வரவேண்டும் என்பதே என் ஆசை. நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்றார் நண்பர்.

“முதலில் பிரேக்கைப் பார்ப்போம்” என்றோம். எஞ்சினைப் பற்றிக் கேட்டவருக்குப் பிரேக்கைப் பற்றி விடை சொன்னது வியப்பாயிருந்திருக்கும். அதன் காரணத்தை அவருக்கு விளக்கியவாறே இங்கும் எழுதுகிறோம். இத்தகைய வண்டியை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டுமன்றி, பௌதிகவியல் பயிலும் மாணவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், இங்கிலாந்தின் றோவர் கம்பனியில் தலைமை வடிவமைப்பாளராக இருந்த மோரிஸ் வில்க்ஸ் என்பார், வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சித் தீவிலுள்ள தமது பண்ணையில் அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கினார். இதைப் போன்றதொரு வண்டியை நாமே செய்தால் என்ன என்று அவர் எண்ணியதன் பயனே லாண்ட் றோவர். 1948 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அது முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்தது. உருக்குத் தட்டுப்பாடான காலமாதலின் உடலை அலுமினியக் கலவையாற் செய்தனர். அடிச்சட்டகம் மட்டும் உருக்கு. முதல் வண்டியின் எஞ்சின் 1.6 லீற்றர் அளவினது. அதன் வலு ஏறத்தாழ 50 பரிவலு. சேற்றிலும் மேட்டிலும் மெதுவாக, ஆனால் தவறாமல் செல்வதே அதன் தொழில். வேகம் அதனிடம் எதிர்பார்க்கப்பட்டதன்று. இந்த நோக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பழைய வண்டியில் கை வைப்போர் பின்னர் வருந்துவர்.

நண்பரின் வண்டி 1961 ஆம் ஆண்டுக்கும் 1971 ஆம் ஆண்டுக்கும் இடையிற் செய்யப்பட்ட இரண்டாம் வரிசையின் ‘ஏ’ வகையைச் சேர்ந்தது. அதன் 2,286 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சின் புதிதாயிருந்த நாளில் 62 பரிவலுத் தந்தது. மகன் பூட்ட விரும்பியது, அதே கம்பனி 1989 ஆம் ஆண்டில் டிஸ்கவரி வண்டிக்கென வெளியிட்ட 2.5 லீற்றர் டர்போ டீசல் எஞ்சின். அதன் வலு 111 பரிவலு. பழைய வண்டிக்கு இதனைப் பொருத்துவது உலகெங்கும் பலர் செய்துவரும் வேலைதான். எனவே மகனின் எண்ணம் பிழையானதன்று. அதைச் செய்யும் ஒழுங்கே கவனிக்கத்தக்கது.

எஞ்சினின் வலு நேரே சில்லுக்குப் போவதில்லை. கிளச், கியர்ப் பெட்டி, நீண்ட சுழல்தண்டு, அச்சிலுள்ள பற்சில்லுகள், அவற்றிலிருந்து இரு புறமும் செல்லும் அரை அச்சுத் தண்டுகள் ஆகியவற்றைக் கடந்தே அது சில்லை அடைகிறது. வழிநெடுகப் பற்சில்லுகள் வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைப் பெருக்குகின்றன. இவ்வகை வண்டியில், மிகத் தாழ்ந்த கியரில், இப்பெருக்கம் ஏறத்தாழ 40 மடங்கு. பழைய எஞ்சினின் உச்ச முறுக்கு விசை ஏறத்தாழ 140 நியூற்றன் மீற்றர்; புதியதனுடையது ஏறத்தாழ 265. உராய்வினால் இழப்பதை விடுத்துக் கணக்கிட்டால், முன்னர் 5,600 ஆக அச்சிற்கு வந்த விசை இப்போது 10,600 ஆகிவிடும். எஞ்சின் புதியது, அச்சுத் தண்டோ ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்டது. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த வளையத்தின் வலிமையே ஆகும். இவ்வண்டிகளில் மெலிந்த வளையம் பின்புற அரை அச்சுத் தண்டு என்பதைப் பழைய சாரதிமார் நன்கு அறிவர்.

தண்டு முறிந்தால் வண்டி நிற்கும். வேறொன்றை மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணத் தோன்றும். சமதரையில் அது சரி. மலைப்பாதையில் நிலைமை வேறு. இவ்வண்டியின் கைப்பிரேக் சில்லுகளில் இல்லை. கியர்ப் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் தொடக்கத்தில் இருக்கிறது. பின்புற அரைத் தண்டுகளில் ஒன்று முறிந்ததும், அச்சிலுள்ள பற்சில்லு அமைப்பு சுழற்சி முழுவதையும் முறிந்த பக்கத்துக்கே விட்டுவிடும். அப்போது எஞ்சின் வண்டியை முன்னே இழுக்காது. பின்னே உருளாமற் பிடித்திருக்கவும் மாட்டாது. கைப்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. முன் சில்லுகளையும் எஞ்சினோடு இணைத்தால் அவை பிடிக்கும். ஆனால் செங்குத்தான மேட்டில், பின்னால் பிள்ளைகள் அலறும் வேளையில், அந்த யோசனை எத்தனை பேருக்குத் தோன்றும்? எஞ்சுவது கால்பிரேக் ஒன்றே. அதுவும் அக்காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்த் தொடராக அமைந்தது. ஓரிடத்தில் குழாய் ஒழுகினால் நான்கும் போய்விடும். புதிய எஞ்சின் பற்றிய பேச்சில் பிரேக்கை முதலில் வைத்தது இதனாலேயே.

இறக்கத்தில் பிரேக் படும் பாட்டை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 2 தொன் நிறையுள்ள வண்டி, செங்குத்து உயரத்தில் 100 மீற்றர் கீழிறங்கும்போது விடுவிக்கும் சக்தி, 6 லீற்றர் சாதாரண நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரை வரை இறங்கும் வண்டியின் சக்தியைக் கொண்டு நூறு லீற்றருக்கும் அதிகமான நீரைக் கொதிக்க வைக்கலாம். தாழ்ந்த கியரில் எஞ்சினும், எதிர்காற்றும், ரயர்களும் இதிற் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். அவை ஏற்காத பங்கெல்லாம் பிரேக்கின் உருளைகளில் வெப்பமாகச் சேரும். சூடேறிய உருளை விரியும். அதன் உள்ளே அழுத்தும் பட்டியின் பிடி தளரும். ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழியிட்டால், மிதி தரைவரை தாழ்ந்து போகும்.

வேகம் கூடினால் இந்தச் சுமை இன்னும் பெருகும். இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய வண்டியை 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டினால், நிறுத்துவதற்கு அழிக்கவேண்டிய சக்தி ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் முதற்பங்கு பிரேக்குக்கே உரியது. குழாய்களையும் றப்பர்களையும் எண்ணெயையும் புதுப்பித்தல் முதற்படி. இரண்டு தொடராகப் பிரிந்த பிரதான உருளையைப் பொருத்துதல் அடுத்த படி. குறுகிய வண்டியின் முன் சில்லுகளுக்கு, நீண்ட வண்டியில் வரும் 11 அங்குல பிரேக் உருளைகளை மாற்றிப் பூட்டுவதும் பலர் கையாளும் வழி.

இனி வில்லுக்கு வருவோம். நம் முன்னோர் ஏறிய வில்லு வண்டியின் தத்துவமே இங்கும் உள்ளது. வளைந்த உருக்குத் தகடுகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. பள்ளத்தில் விழும்போது தகடுகள் நிமிர்ந்து ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்ச்சியை விழுங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் சேறும் நீரும் புகுந்து தகடுகளுக்கிடையே துருப்பிடித்தால், அடுக்கு முழுவதும் ஒரே இரும்புக் கட்டைபோல் இறுகிவிடும். நண்பரின் முதுகு நோவுக்கு இதுவே காரணம். வில்லைக் கழற்றி, தகடு தகடாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிறீஸ் பூசி, முனைகளிலுள்ள றப்பர்ப் பூண்களை மாற்றினால் பாதி நோய் தீரும். இதற்குக் கூலியும் பூணின் விலையுமே செலவு.

அதற்கு மேலும் வேண்டுமாயின், இரண்டு மூன்று தகடுகள் மட்டுமே கொண்ட பரவளைவு வில் இருக்கிறது. நடுவில் தடித்து, முனை நோக்கி மெலிந்து செல்லும் அத்தகடுகள் நடுவிலும் நுனியிலும் தவிர வேறெங்கும் ஒன்றையொன்று தொடா. உராய்வு குறைவதால் ஓட்டம் மென்மையாகும். ஆனால் துள்ளலை அடக்கி வந்ததும் அந்த உராய்வே. ஆதலின் அத்துடன் நல்ல அதிர்வு தாங்கிகளையும் பூட்டவேண்டும். இல்லையேல் வண்டி படகுபோல் ஆடும். 1983 ஆம் ஆண்டில் வந்த லாண்ட் றோவர்களைப்போல் சுருள்வில் வைக்கலாமே என்பாரும் உளர். தகட்டுவில் பாரத்தைத் தாங்குவதோடு அச்சையும் அதனிடத்தில் நிறுத்துகிறது; சுருள்வில் பாரத்தை மட்டுமே தாங்கும். அச்சை நிறுத்தப் புதிய கைகளும் தண்டுகளும் சட்டகத்தில் ஒட்டப்படவேண்டும். வீதியோரப் பட்டறையில் அவசரமாகச் செய்யத்தக்க வேலையன்று அது.

வண்டியை உயர்த்துவதைப் பற்றி ஒரு சொல். இரண்டு அங்குலம் உயர்ந்தால் கம்பீரம் கூடும் என்பது மெய்யே. அதனுடன் புவியீர்ப்பு மையமும் உயர்கிறது. வளைவுகளிற் கவிழும் அபாயம் கூடுகிறது. சுழல்தண்டின் மூட்டுகள் அதிகமாகச் சரிகின்றன. பிரேக்கின் றப்பர்க் குழாய்கள் எட்டாமல் இழுபடுகின்றன. ஆற்றையும் சேற்றையும் நாடோறும் கடப்பவருக்கு உயரம் தேவையாகலாம். எண்பது வயது மூதாட்டி ஏறவேண்டிய வண்டிக்கு ஓர் அங்குலமும் வேண்டியதில்லை.

இவ்வளவும் முடிந்த பின்னரே எஞ்சின். அப்போதும் இரண்டு கேள்விகள் உள. பழைய எஞ்சின் இயல்பாகவே வலுக் குறைந்ததா, அன்றித் தேய்ந்து வலுவிழந்ததா என்பது முதலாவது. தெளிகருவிகளைச் சோதித்து, உருளைகளின் அமுக்கத்தை அளந்தால் விடை தெரியும். புதிய எஞ்சினோடு அச்சின் பற்சில்லு விகிதத்தையும் மாற்றுவதா என்பது இரண்டாவது. 4.7 என்ற பழைய விகிதத்தை 3.54 ஆக்குவது பலர் கூறும் வழி. அப்படிச் செய்தால் அதே எஞ்சின் சுழற்சியில் வண்டி மூன்றிலொரு பங்கு அதிக வேகமாக ஓடும். நெடுஞ்சாலையில் இரைச்சல் குறையும். ஆனால் இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தும் வலிமை காற்பங்கு குறைந்துவிடும். சமதரைவாசிக்கு அது இலாபம், மலைவாசிக்கு நட்டம். எதைச் செய்தாலும், எஞ்சின் மாற்றத்தை மோட்டார் வாகனப் பதிவிலே குறிப்பித்து, காப்புறுதியாளருக்கும் அறிவித்தல் அவசியம்.

நண்பரும் மகனுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை மேடையேற்றிப் பார்த்தனர். பின்னச்சுக்குச் செல்லும் பிரேக் குழாயை மகன் துணியால் துடைத்தபோது துரு உதிர்ந்து, எண்ணெய் கசிந்தது. அதற்குப் பிறகு அந்த இளைஞன் எஞ்சினைப் பற்றிப் பேசவில்லை என்று நண்பர் எழுதியிருந்தார். பிரேக் முழுவதும் புதுப்பிக்கப்பட்டது. வில்லுத் தகடுகளை மகனே பிரித்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தான். தெளிகருவிகள் திருத்தப்பட்டன. எஞ்சின் மாற்றத்தை அடுத்த ஆண்டிற் பார்த்துக்கொள்வதென முடிவாயிற்று.

வண்டி இப்போதும் மேட்டில் மெதுவாகத்தான் ஏறுகிறதாம். ஆனால் கோயிலுக்குச் சென்று திரும்பிய பாட்டியார் இறக்கம் முழுவதும் உறங்கிவிட்டாராம். விரலுக்குத் தக்க வீக்கம் என்று பெரியோர் சொல்லியது மோட்டார் வண்டிக்கும் பொருந்தும்.