‘நோபடி’ அழித்த கணக்கு

“எல்லாம் உள்ளதான தம்பி இருக்கு, வெளியாளு எவன் வரப்போறான்? எல்லாருக்கும் திறந்தே போட்டுக் குடுங்க.”

ஓட்டப்பிடாரத்திலும் கோவில்பட்டியிலும் கயத்தாற்றிலும் சர்வர் அமைத்துக் கொடுக்கப் போகிற எவரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் வீடு திரும்ப முடியாது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சொல்வார், உளுந்து கமிஷன் கடை அண்ணாச்சி சொல்வார், தனியார் பள்ளித் தாளாளர் சொல்வார். அமைத்துக் கொடுக்கிற ஆளும் பல நேரம் அதையே நம்புகிறவர்தான். வெளியே இணையத்தைப் பார்த்த பக்கம் ஃபயர்வால் இருக்கிறது, உள்ளே இருப்பவர்கள் நம் ஆட்கள், ஆகவே உள்ளே பூட்டு தேவையில்லை என்கிற இந்த நம்பிக்கை முழுக்கத் தவறு. தொழிலுக்கு நஷ்டம் என்பது ஒரு பக்கம். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற எளிய மனிதர்கள் தலையில் இது பழியை ஏற்றிவிடுகிறது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பக்கத்துச் சின்ன அலுவலகங்களில் சர்வர் என்றால் பெரும்பாலும் ஒரு பழைய கணினிதான். அதில் உபுண்டுவோ டெபியனோ ஏற்றி, சாம்பா போட்டு, ‘டேட்டா’ என்று ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்துவிடுவார்கள். டேலி கணக்கு, ஜிஎஸ்டி ஃபைல்கள், கூலிப் பட்டியல், வேலையாட்களின் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் எல்லாம் அதற்குள். விண்டோஸ் கணினியிலிருந்து திறந்து பார்த்தால் அனுமதி இல்லை என்று வரும். உடனே சிமாட் 777. அப்படியும் பாஸ்வேர்டு கேட்டால் சாம்பாவின் கான்ஃப் ஃபைலில் ‘கெஸ்ட் ஓகே = யெஸ்’, ‘மேப் டு கெஸ்ட் = பேட் யூசர்’ என்று இரண்டு வரி. திறந்துவிடும். பில் எழுதியாகிவிடும். 777 என்றால் உரிமையாளர், குழு, மற்ற எல்லோர் என்ற மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க முழு அதிகாரம். அந்த இரண்டு வரி என்றால், பெயர் தெரியாத எவர் வந்தாலும் ‘நோபடி’ என்ற கணக்கின் பெயரில் உள்ளே விடு என்று சர்வருக்கு இட்ட கட்டளை.

அப்படி அமைத்த ஓர் அலுவலகத்தில், ஆடிட் நெருங்குகிற சமயம் பார்த்து, கணக்கு ஃபோல்டர் காணாமல் போனது. நெட்வொர்க் ஃபோல்டரில் அழித்தது விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான். என்னைக் கூப்பிட்டார்கள். சாம்பாவின் லாக்கைத் திறந்தால் எந்தெந்தக் கணினி எப்போது இணைந்தது என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அன்று எல்லாக் கணினியும் இணைந்துதான் இருந்தன. பயனர் பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் நோபடி. சந்தேகம் கடைசியில் கணக்கு எழுதுகிற பெண்மேல் போய் நின்றது. முந்தின வாரம் சம்பள விஷயத்தில் அவர் முதலாளியிடம் ஏதோ சொல்லியிருந்தார் என்பது மட்டுமே அதற்குக் காரணம். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை, மறுநாளிலிருந்து வரவில்லை. அழித்தது அவரா, தவறுதலாக இழுத்துப்போட்ட வேறொருவரா, வைரஸா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எவராலும் சொல்ல முடியாதபடிதான் அந்த சர்வரை அமைத்திருந்தார்கள்.

‘நம் ஆட்களை நம்பாமல் பூட்டுப் போடுவதா’ என்று கேட்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். தனித்தனிப் பெயரும் பாஸ்வேர்டும், எவர் எதை அழித்தார் என்று எழுதும் லாக்கும் இருந்திருந்தால் அந்தப் பெண் நிரபராதி என்பதை ஒரே நிமிடத்தில் காட்டியிருக்கலாம். அல்லது உண்மை எதுவோ அது வெளியே வந்திருக்கும். நல்ல ஆளைக் காப்பாற்றுவதற்குத்தான் பூட்டு.

உள்ளே பூட்டு தேவையில்லை என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் நியாயமாகத்தான் இருந்தது. யூனிக்ஸ் கணினிகள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் என்எஃப்எஸ் முறையை 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்தது. அன்றைய ஆய்வுக்கூடத்தில் கணினிகள் எல்லாவற்றுக்கும் நிர்வாகி ஒருவரே; ரூட் பாஸ்வேர்டு அவரிடம் மட்டும் இருக்கும். ஆகவே ஒரு கணினி ‘இந்த வேண்டுகோள் இன்ன எண் கொண்ட பயனருடையது’ என்று சொன்னால் சர்வர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. 1024க்குக் கீழுள்ள போர்ட்டிலிருந்து வந்தால் ரூட்டின் சம்மதத்தோடு வருகிறது என்று பொருள். கெர்பராஸ் சேர்த்தால் ஒழிய, என்எஃப்எஸ் இன்றும் வழக்கமாக நடப்பது இப்படித்தான். ஆனால் உலகம் மாறிவிட்டது. ஒரு கல்லூரி மாணவர் தன் மடிக்கணினியில் உபுண்டு ஏற்றினால் அதில் அவரே ரூட். அதில் முதலில் உருவாகும் பயனருக்கு எண் 1000. நீங்கள் சர்வரில் முதலில் உருவாக்கிய கணக்காளருக்கும் எண் 1000. அந்த மடிக்கணினியின் முகவரிக்கும் அனுமதி இருந்தால், வயரைச் செருகி மவுன்ட் செய்த கணமே கணக்காளரின் ஃபைல்கள் மாணவரின் ஃபைல்கள் ஆகிவிடும். ஹேக்கிங் எதுவும் தேவையில்லை. எண்ணைப் பார்த்தது, ஏற்றுக்கொண்டது, அவ்வளவே.

ரூட்டாக வருகிறவரையாவது நோபடியாக இறக்கிவிட ‘ரூட் ஸ்குவாஷ்’ என்ற ஏற்பாடு இயல்பாகவே உண்டு. எங்கோ ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு ‘நோ ரூட் ஸ்குவாஷ்’ என்று எழுதி அதையும் பிடுங்கிப் போடுகிறார்கள். காரணம் கேட்டால், “அப்பத்தான் எரர் வரலை” என்பார்கள்.

எந்த ஃபோல்டரை எவருக்குத் திறப்பது என்பதை எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஃபைலில் ஒவ்வொரு வரியாக எழுதுகிறோம். கீழே இருப்பவற்றைப் பாருங்கள்.

/எஸ்ஆர்வி/கணக்கு 192.168.1.10(ஆர்டபிள்யூ)
/எஸ்ஆர்வி/கணக்கு 192.168.1.10 (ஆர்டபிள்யூ)

முதல் வரி அந்த ஒரு கணினிக்கு மட்டும் படிக்கவும் எழுதவும் அனுமதி தருகிறது. இரண்டாவதில் அடைப்புக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. அதன் பலன், அந்தக் கணினிக்குப் படிக்க மட்டும் அனுமதி, உலகத்தில் மற்ற எல்லோருக்கும் எழுதவும் அனுமதி. எவரை உள்ளே விட நினைத்தோமோ அவருக்குக் குறைவு, எவரென்றே தெரியாதவருக்கு முழுசு. ஃபைலை ஏற்றும்போது எச்சரிக்கை ஒன்று திரையில் வரத்தான் செய்கிறது, படிக்கிறவர் குறைவு. படித்தாலும் ‘உள்ளதானே’ என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். எழுத்துப்பிழை எவருக்கும் வரும். அது பிழையாகவே கண்ணுக்குப் படாதபடி செய்துவிடுகிறது இந்த நம்பிக்கை.

‘உள்ளே’ என்று சொல்கிறோமே, அந்த உள்ளே இன்று என்னவெல்லாம் இருக்கிறது? ஓட்டப்பிடாரம் கடைத்தெருவில் ஏதாவது ஓர் அலுவலகத்தின் சுவிட்சைப் பாருங்கள். கணக்குக் கணினிகள் இருக்கும். அதே சுவிட்சில் சிசிடிவி டிவிஆர் செருகியிருக்கும். செல்போனில் பார்ப்பதற்காக அதை இணையத்துக்கும் திறந்துவிட்டிருப்பார்கள். வந்தபோது இருந்த பாஸ்வேர்டு மாறியிருக்காது. 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகமெங்கும் இத்தகைய டிவிஆர்களையும் கேமராக்களையும், கம்பெனி போட்ட பாஸ்வேர்டை முயன்று பார்த்தே, லட்சக்கணக்கில் பிடித்தது. வைஃபை பாஸ்வேர்டு சுவரில் ஒட்டியிருக்கும். ஆடிட்டர் ஆபீஸ் பையன் தன் மடிக்கணினியோடு வந்து உட்காருவான். காற்றாலைக் கம்பெனிக்காரர் இடக் குத்தகைப் பத்திரத்தை பென் டிரைவில் கொண்டுவந்து பிரிண்ட் கேட்பார். முதலாளி வீட்டுப் பிள்ளை அதே வைஃபையில் விளையாட்டு இறக்கிக்கொண்டிருக்கும். இவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். அவர்கள் கையில் இருக்கும் கருவிகளுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

2017 மே 12ஆம் தேதி வான்னாகிரை என்ற வைரஸ் அலுவலகங்களுக்குள் பரவியது இந்த ‘உள்ளே’யின் வழியாகத்தான். விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அது பக்கத்துக் கணினிகளைத் தானே தேடிப் போனது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளை நடத்தும் 236 அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நம்மில் பலர் அப்போது, “நமக்கென்ன, நம்ம சர்வர் லினக்ஸ்” என்று சொல்லிக்கொண்டோம். 12 நாள் கழித்து, மே 24ஆம் தேதி, சாம்பாவிலேயே ஓர் ஓட்டை இருப்பது வெளியானது. 2010இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து அது இருந்துவந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி உள்ளே நுழைய என்ன தேவை? எவராவது எழுதக்கூடிய ஒரு ஷேர். அதில் ஒரு ஃபைலைப் போட்டு, சர்வரையே அதை இயக்க வைக்கலாம். 777 போட்டு கெஸ்ட்டுக்குத் திறந்துவைத்த ஃபோல்டர் அதற்கு மிகத் தோதான இடம்.

இந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் கணினிக்கு ரான்சம்வேர் வந்தால் போதும். அது சர்வரைத் தொற்றவே வேண்டியதில்லை. அந்தக் கணினி எழுதக்கூடிய ஃபைல் எல்லாவற்றையும் சர்வரில் வைத்தே பூட்டிவிடும். எல்லோருக்கும் எல்லாம் திறந்திருந்தால் ஒரு டைப்பிஸ்ட் கணினியில் விழுந்தது அலுவலகம் முழுவதையும் எரித்துவிடும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிகள் பதிவு பல நாள் கையால் எழுதி நடந்தது. நெட்வொர்க்கை முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நாட்டின் தலையாய மருத்துவமனையிலேயே, உள்ளே எல்லாம் ஒன்றாகக் கிடந்ததுதான் கேடாக முடிந்தது.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்கும் இடமும், குச்சி முக்கும் இடமும், பெட்டி அடைக்கும் இடமும், கிட்டங்கியும் தனித்தனியாக, இடையில் வெளி விட்டு ஏன் கட்டியிருக்கிறது? வேலையாட்கள்மேல் சந்தேகப்பட்டா? தீ ஓர் இடத்தில் பிடித்தால் அங்கேயே நிற்கவேண்டும் என்றுதான். சுற்றுச்சுவர் உயரமாக இருக்கிறது, ஆகவே எல்லாவற்றையும் ஒரே கொட்டகைக்குள் போடு என்று சொல்கிற முதலாளி இந்த ஊரில் ஒருவரும் கிடையாது. அதே முதலாளி தன் கணக்கு விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லும்போது மறுத்துப் பேசவேண்டியது அமைத்துக் கொடுக்கிற நம் கடமை. நாம் வாயைத் திறப்பதில்லை.

“பாஸ்வேர்டு குடுத்தா மறந்துடுவாங்க, வேலை நின்னுபோகும்” என்பது அடுத்த வாதம். நினைவில் வைக்கச் சொன்னால், விண்டோஸ் ஒருமுறை வாங்கிய பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்ளும். காலையில் கணினியைத் திறக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. “சின்ன ஆபீஸ், நம்மகிட்ட என்ன இருக்கு” என்பது இன்னொன்று. வேலையாட்களின் ஆதார் நகலும் வங்கி எண்ணும் இருக்கிறதே, அது உங்களுடையதா? 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு இல்லாமல் விட்டவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சட்டம் கிடக்கட்டும், அந்த நகலைத் தந்தவர் உங்களை நம்பித் தந்தார்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, பூட்டுகள் தாமாகவே வந்துகொண்டிருக்கும் காலத்தில் அவற்றை நாம் கழற்றிக்கொண்டிருப்பதுதான். 2019இல் வந்த சாம்பா 4.11 பழைய எஸ்எம்பி முதல் பதிப்பை இயல்பாகவே அணைத்துவிட்டது. ஒரு மூலையில் கிடக்கும் எக்ஸ்பி கணினிக்காக, அல்லது பழைய ஸ்கேனருக்காக, ‘சர்வர் மின் புரோட்டோகால் = என்டி1’ என்று எழுதி அதை மறுபடியும் உயிர்ப்பிக்கிறோம். கெஸ்ட் நுழைவை விண்டோஸ் மறுத்தால், அந்த மறுப்பை நீக்க ரெஜிஸ்ட்ரியில் எதை மாற்றவேண்டும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். பயிற்சி நிலையங்களில் ‘அனுமதி இல்லை’ என்ற எரருக்கு மருந்து சிமாட் 777 என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த எரர், யூனிக்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அடையாளம். எவருக்கு அனுமதி வேண்டும் என்று அது நம்மைக் கேட்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்ட வாயை அடைக்கிறோம்.

பதில் சொல்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு குழு. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர். ஃபோல்டரைக் குழுவுக்கு உரிமையாக்கி 2770 போட்டால், உள்ளே உருவாகும் புது ஃபைல்களும் குழுவின் பெயரிலேயே அமையும், மற்றவர் எட்டிப் பார்க்க முடியாது. சாம்பாவில் ‘வேலிட் யூசர்ஸ்’ வரியில் அந்தக் குழு. கூலிப் பட்டியலும் ஆதார் நகலும் வேறு ஷேர், வேறு குழு. ‘ஃபுல் ஆடிட்’ என்ற இணைப்பைச் சேர்த்தால் எவர் எந்த ஃபைலை எப்போது அழித்தார் என்று லாக்கில் விழும். ‘ரீசைக்கிள்’ சேர்த்தால் அழித்தது ஒரு மூலையில் பத்திரமாகக் கிடக்கும். பேக்கப்பை அதே ஷேருக்குள் இன்னொரு ஃபோல்டராக வைக்கக்கூடாது. எவரும் நெட்வொர்க் வழியே தொடமுடியாத டிஸ்க்குக்கு சர்வரே இரவில் எடுத்து வைக்கட்டும். எக்ஸ்பி கணினி அவசியம் வேண்டுமென்றால் அதைத் தனி நெட்வொர்க்கில் போடுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் கான்ஃப் ஃபைலிலேயே குறிப்பாக, தேதி போட்டு, ஏன் செய்தோம் என்று எழுதி வையுங்கள். அடுத்து வருகிற ஆளுக்கு அது உதவும். அரை நாள் வேலை. அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் முதலாளி தருவார்; கேட்கிற பழக்கம்தான் நமக்கு இல்லை.

முதலாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சர்வர் போட்டு முடித்த ஆளிடம் பணம் தருவதற்கு முன், டெஸ்ட்பார்ம் என்ற கட்டளையை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். என்எஃப்எஸ் இருந்தால் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை ‘-வி’ சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். முதலாவதில் ‘கெஸ்ட் ஓகே’ என்றோ, இரண்டாவதில் ‘வேர்ல்டு’ என்றோ தெரிந்தால், அது ஏன் என்று அவர் சொல்லட்டும். “உள்ளதானே” என்று பதில் வந்தால் பணத்தைத் தராதீர்கள்.