வாடகையின் பூர்வ சரித்திரம்

நியூயார்க் நகரில் ஜாகை தேடுகிறவர்கள், பளபளக்கும் முகப்பைக் கண்டு மயங்காமல், கட்டடத்தின் வயதை முதலில் விசாரிப்பது விவேகம். ஏனெனில், 1974க்கு முன்னர் எழும்பிய, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட குடித்தனங்களைக் கொண்ட கட்டடங்கள் பலவற்றில், வாடகை உயர்வை நிர்ணயிப்பது வீட்டுக்காரரின் சித்தமன்று, மேயர் நியமிக்கும் ஒன்பது அங்கத்தினர் கொண்ட சபையே. ஆயினும் வயதை மாத்திரம் நம்பிவிடலாகாது. 2019ஆம் வருஷத்துச் சட்டம் அவ்வழியை அடைக்கும்வரை, வாடகை ஒரு வரம்பைத் தாண்டிய பின் காலியான வீடுகள் அநேகம் இக்கட்டுப்பாட்டிலிருந்து நழுவிவிட்டன. நழுவியதா, நிலைத்ததா என்பதைக் காட்டும் பழைய வாடகைப் பதிவையோ, குடியேறிய பின்னரே குடித்தனக்காரருக்கு மாநில வீட்டுவசதி இலாகா அளிக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்பே, வீடு தேடி வருகிறவருக்கும் அதைத் திறந்து காட்டும்படி விதியை மாற்றுவதே நியாயம்.