கொன்றது மழையா, மூட்டையா, படிக்கட்டா?

1/ ரயில் நிலையப் படிக்கட்டில் இருபது பேர் செத்துப் போனா மறுநாள் பேப்பர்ல "நெரிசலில் மிதிபட்டு பலி"ன்னு வரும். டீக்கடையில "நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது"ன்னு தீர்ப்பும் வந்துடும். ரெண்டுமே தப்பு. ஏன்னு ஒரு டாக்டரா சொல்றேன். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ இப்படிச் சாகிறவங்கள்ல பெரும்பாலானோர் மிதிபட்டுச் சாகிறதில்லை. மூச்சு முட்டிச் சாகிறாங்க, பல நேரம் நின்னபடியே. மூச்சை உள்ள இழுக்க நெஞ்சுக்கூடு விரியணும், உதரவிதானம் கீழ இறங்கணும். நாலு பக்கமும் உடம்புகள் அழுத்தினா அதுக்கு இடமே இல்லை. உடம்புல ஒரு எலும்பு கூட உடையாம ஆள் போயிடலாம்.

3/ ஒரு சதுர மீட்டர்னா கேரம் போர்டை விடக் கொஞ்சம் பெரிய இடம். அதுல 3, 4 பேர் நின்னா நகரலாம். 6, 7 பேர் ஆயிட்டா நீங்க நடக்கிறதில்லை, கூட்டம் உங்களைத் தூக்கிட்டுப் போகும். பின்னாடி நிக்கிறவருக்கு முன்னாடி ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கிறது தெரியவே தெரியாது. அவரைக் கொலைகாரர் ஆக்காதீங்க.

4/ மும்பை. மேற்கு ரயில்வேயின் எல்ஃபின்ஸ்டன் ரோடு (இப்போ பிரபாதேவி), மத்திய ரயில்வேயின் பரேல். பக்கத்துப் பக்கத்து நிலையங்கள். ரெண்டையும் இணைச்சது மேல போன ஒரு குறுகலான நடைபாலம். ஒரு காலத்துல அது மில் தொழிலாளர் பகுதி. மில்கள் மூடி அலுவலகக் கட்டடங்கள் எழும்பின. கூட்டம் பெருகுச்சு, பாலம் பெருகலை.

5/ 2017 செப்டம்பர் 29 காலை. மழைக்கு ஒதுங்கினவங்க பாலத்துலயே நிக்க, ரயில்கள் அடுத்தடுத்து ஆளை இறக்கிக்கிட்டே இருந்துச்சு. 23 பேர் இறந்தாங்க. ரயில்வே விசாரணை கைகாட்டினது மழையை! மும்பையில மழை பெய்யும்னு யாருக்குமே தெரியாது பாருங்க. அதுக்கப்புறம் ராணுவத்தைக் கூப்பிட்டுப் புதுப் பாலம் கட்டினாங்க. 2018 பிப்ரவரியிலேயே திறந்தாச்சு. முடியாத வேலை இல்லைங்கிறதுக்கு இதை விட என்ன சாட்சி வேணும்?

6/ புது டில்லி நிலையம், 2025 பிப்ரவரி 15 இரவு. கும்பமேளா கூட்டம், நடைமேம்பாலப் படிக்கட்டு, 18 பேர் பலி. நாடாளுமன்றத்துல சொன்ன காரணம்: ஒரு பயணியின் தலைச்சுமை கீழ விழுந்தது. மூட்டையோட வர்ற ஊர்ல மூட்டை விழத்தான் செய்யும். அது விழுந்தாலும் ஆள் சாகாத அளவுக்குக் கூட்டத்தைக் கீழேயே நிறுத்தி வைக்கிறதுதான் நிர்வாகம்.

7/ நம்ம பரங்கிமலை. புறநகர் ரயிலும் மெட்ரோவும் சேர்ற இடம். 2018 ஜூலை 24, மின்கம்பிக் கோளாறால ஒரு புறநகர் ரயிலை விரைவுப் பாதையில திருப்பிவிட்டாங்க. தொங்கிட்டு வந்தவங்க தண்டவாளத்தை ஒட்டின கான்கிரீட் சுவர்ல மோதி 5 பேர் இறந்தாங்க. பழி? ஃபுட்போர்டுல போனவங்க மேலதான். ரயில் அப்படி நிரம்பி வழியிற நேரத்துல உள்ள இடம் இருந்ததான்னு யாரும் கேக்கலை.

8/ மழை, மூட்டை, ஃபுட்போர்டு. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைக்குது. படிக்கட்டோட அகலம் மட்டும் குற்றவாளிக் கூண்டுல ஏறுறதே இல்லை.

9/ "மக்கள் தள்ளாம இருந்தா சரியாயிடும்"னு சொல்றவங்களுக்கு: நீங்களும் 8.40 வண்டியைப் பிடிக்க ஓடுறவர்தான். ரெண்டு பாதை ரயிலும் ஒரே நிமிஷத்துல வந்து நின்னா ஆயிரக்கணக்கானவங்க ஒரே படிக்கட்டுக்கு வருவாங்க. மேல வழி அடைச்சிருந்தாலும் எஸ்கலேட்டர் ஆளை ஏத்திக்கிட்டே இருக்கும். இதுல ஒழுக்கம் என்ன செய்யும்?

10/ சென்னையில மெட்ரோ இரண்டாம் கட்டம் கட்டிட்டிருக்காங்க. திருமயிலை மாதிரி பூமிக்கடியில பல அடுக்கு நிலையங்கள் வரப்போகுது. இப்பவே கேளுங்க: ஒவ்வொரு படிக்கட்டும் நிமிஷத்துக்கு எத்தனை பேரைத் தாங்கும்? அளவு மீறினா வாசலை மூடவும், எஸ்கலேட்டரை நிறுத்தவும் நிலையத்துல நிக்கிற ஊழியருக்கே அதிகாரம் உண்டா? இல்ல, மேலிடத்துக்கு ஃபோன் போட்டுக் காத்திருக்கணுமா? மூளை ஆக்சிஜன் இல்லாம தாங்கிறது சில நிமிஷம்தான்.

11/ மாட்டிக்கிட்டா: கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வைங்க, மூச்சுக்கு இடம் கிடைக்கும். செல்ஃபோன் விழுந்தா விழட்டும், குனியாதீங்க. கத்தி மூச்சை வீணாக்காதீங்க. அலையை எதிர்த்துத் தள்ளாம, அது அடங்கும்போது குறுக்கே ஓரமா நகருங்க. யாராவது மூச்சில்லாம கிடந்தா, 108-க்குச் சொல்லிட்டு நெஞ்சு நடுவுல நிமிஷத்துக்கு 100-120 தடவை அழுத்துங்க.

12/ ஆனா இதெல்லாம் கடைசி நிமிஷ வைத்தியம். அப்படி வர்றவங்கள்ல பல பேருக்குக் கேஷுவாலிட்டியில எங்களால செய்ய எதுவும் மிச்சம் இருக்காது. அவங்களைக் காப்பாத்தியிருக்க வேண்டியது அந்தப் படிக்கட்டை வரைஞ்ச மேஜையில. அடுத்த தடவை "நெரிசலில் பலி"ன்னு படிச்சா, செத்தவரைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்தப் படி எத்தனை அடி அகலம்?