ரேஷன் பையில் பருப்பு எங்கே?

சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதி என்று நம்மில் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-இல் அறிவித்தது. இவர்கள் எல்லோரும் மாடமாளிகைவாசிகளா?

பம்பாயில் நம் தொழிலாளியின் சாப்பாட்டைப் பாருங்கள். காலையில் இனிப்புச் சாயாவும் வடா பாவும். மத்தியானம் டப்பா நிறையச் சோறு, ரசம், உருளைக்கிழங்குப் பொரியல். இரவிலும் அதே சோறு. வயிறு நிறைகிறது, நிறைப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது இரத்தத்தில் சர்க்கரையாகத்தான் சேரும். குடும்பத்தில் நோய் உள்ளவருக்கும் தொப்பை விழுந்தவருக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

விரும்பியா இப்படிச் சாப்பிடுகிறோம்? மலிவாகக் கிடைப்பது அதுதான். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 முதல் அது இலவசம். நல்லதே. ஆனால் அந்தச் சட்டத்தில் பருப்புக்கு இடமில்லை. சோளம், கம்பு, கேழ்வரகுக்கு இடம் உண்டு. பைக்குள் விழுவதோ பெரும்பாலும் அரிசியும் கோதுமையும். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு கிடைக்கிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' என்றார்கள். அந்த ஊர்க் கார்டை இங்கே நீட்டினால் தானியம் வரும், பருப்பு வராது!

அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு மராத்தியர் உண்ணும் ஜ்வாரி பாக்ரி, நெல்லைச் சீமையில் நம் பாட்டன்மார் உண்ட சோளமேதான். நாச்ணி நம் கேழ்வரகு. அதற்காகக் கூழைச் செம்பு செம்பாகக் குடிக்கலாகாது. நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழும் சர்க்கரையை விரைவில் ஏற்றும். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பயறும் கீரையும் வையுங்கள். வெல்லமும் சர்க்கரையே. பாகற்காய்ச் சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு.

இன்சுலின் போட்டுக்கொண்டோ, மாத்திரை விழுங்கிவிட்டோ ஷிப்ட் வேலையில் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவோர் கவனிக்க: வேர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும். வேளைக்குச் சாப்பாட்டு இடைவேளை தராத முதலாளியும் இந்த ஆபத்துக்குப் பொறுப்பாளியே.

ரேஷனில் மாதந்தோறும் பருப்பும் ஜ்வாரியும் வேண்டும். எந்த மாநிலக் கார்டுக்கும் அவை கிடைக்க வேண்டும். இவ்விரு கோரிக்கைகளுக்கான மனுவில் கிளைதோறும் கையெழுத்து வாங்குகிறோம்.